தட்டு தளரும் நேரம்

மார்கழிப் பனி ஏற்காட்டு விடுதியின் சன்னல் கண்ணாடியை வெண்மையாக்கியிருக்கிறது. உள்ளே மாதிரி இசைத்தட்டு சுழல்கிறது. முதல் இரண்டு தட்டுகளிலும் சிறு நடனப் பாட்டுகளைத் தந்த குழு, மூன்றாவதில் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ராக் பாட்டால் நிரப்பியிருக்கிறது. சென்னை இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து வந்துள்ள தணிகாசலம் இதை மறுத்தால் குழு கலையும். கிதார் வாசிக்கும் பொன்னுவேலுக்கு அது தெரியும். பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப்பழத்தின் தோலுரிக்கும் பல்ப்பர் உறுமத் தொடங்குகிறது. அது இழுப்பதில் மின்சாரம் குறைந்து விளக்கு மங்குகிறது, தட்டின் சுழற்சியும் தளர்கிறது. துள்ள வேண்டிய தாளம் இழுபடுகிறது. பொன்னுவேலின் விரல்கள் முழங்காலில் சரியான வேகத்தைத் தட்டுகின்றன. தணிகாசலமோ கண்மூடித் தலையசைக்கிறார்.

“இந்த நிதானம் அருமை. இதுக்காகவே வெளியிடலாம்.”

“பேசாம இருங்கண்ணா, கும்புடறேன்,” என்று ஆர்கன் வாசிக்கும் சாந்தி பொன்னுவேலின் காதோரம் கெஞ்சுகிறாள். அவன் உதட்டைக் கடித்துக்கொள்கிறான். கிதார் ஒலி இன்னும் தாழ்ந்து முனகுகிறது. அவன் எழுந்துவிடுகிறான்.

“கரண்டு கம்மிங்க, அதான் இழுக்குது. தட்டு வாங்கறவிய ஊட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு பல்ப்பரும் சேத்துக் குடுப்பீங்களா?”

தணிகாசலம் கண் திறக்கிறார். “அப்போ நான் கேட்டது உங்க பாட்டு இல்லையா?”

“இல்லீங்க.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு மூச்சு வருகிறது.