டங் என்றால் சோறு

வேட்டைத் துப்பாக்கிக்கு மானம் போய்க்கொண்டிருந்தது. சுட்ட கௌதாரியை ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வரவேண்டிய செவலை நாய்க்குட்டி, முதல் வெடியிலேயே வீட்டுக்கு ஓடிவந்து கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டது. வால் மட்டும் வெளியே நடுங்கிக்கொண்டிருந்தது.

"நான் இருமினாலே இவன் இப்படி ஒளிஞ்சுக்கிறான். கௌதாரிங்க எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்குது" என்று சுவரில் தொங்கியபடி புலம்பியது துப்பாக்கி.

"சத்தத்துக்குத்தானே பயம்? எங்கிட்ட விட்டுடுங்கண்ணே" என்றது குட்டியின் அலுமினியத் தட்டு.

அன்றிலிருந்து சோறு போடும் நேரமெல்லாம் தட்டு 'டங்' என்று தரையில் குதித்தது. முதலில் மெல்ல, பிறகு பலமாக, கடைசியில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரையேறும் அளவுக்கு. செவலை அசரவில்லை. சத்தம் கூடக் கூட அதன் நாக்குதான் நீண்டது.

மறுபடி வேட்டைக்குப் போனார்கள். துப்பாக்கி 'டமார்' என்று வெடித்தது. கௌதாரி புதரில் விழுந்தது. செவலை ஒளியவில்லை. துப்பாக்கிக்கு எதிரே வந்து உட்கார்ந்து எச்சில் ஒழுகப் பார்த்தது.

"இவ்வளவு பெரிய சத்தம்! இன்னிக்குக் கறிச்சோறாண்ணே?"

"என்னடா உட்கார்ந்துட்டே? ஓடிப்போய் எடுத்துட்டு வாடா!" என்று கத்தியது துப்பாக்கி.

செவலை ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடியது. தட்டைக் கவ்விக்கொண்டு வந்து துப்பாக்கியின் முன்னால் வைத்தது.

தட்டு பெருமையாக நிமிர்ந்து பார்த்தது. "பாத்தீங்களாண்ணே, பயம் போயே போச்சு!"