இடது கை

"இடது கைக்கு இவ்வளவு வேலை வச்சா மனுஷன் எப்படித்தான் வாசிப்பான், அத்தான்?"

பியானோக்காரன் இசைத்தாள்களை மேஜையில் விசிறியடித்தான். அவனுடைய அக்கா கணவர் தலை நிமிரவில்லை. அடுத்த தாளை எழுதிக்கொண்டிருந்தார்.

ஹோட்டல் ஜாஸ் குழுவில் முப்பது வருஷமாக, பாட்டுக்கு அடிநாதம் கொடுக்கும் ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸ் வாசிப்பவர் அவர். எந்தப் பாட்டானாலும் யார் எதை வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதிக் கொடுப்பவரும் அவரே. இத்தனை நாள் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. போன வாரம்தான் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். பாட்டுக் கேட்கிறவர்களைவிடச் சாப்பிடுகிறவர்கள் கூடிவிட்டார்களாம். மேடையைக் குறுக்கி மேஜை போட வேண்டுமாம். ஆறு பேர் இனி ஐந்து பேர். யாரை நிறுத்துவது என்று அவரே முடிவு செய்து, பாட்டுகளையும் அதற்குத் தகுந்தபடி மாற்றி எழுத வேண்டும்.

அன்றிலிருந்து குழுவில் ஒருவரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"மெதுவா வாசிச்சுப் பழகு மாப்ளே. வலது கை எப்படிப் போனாலும் பரவால்ல. இடது கை தடுமாறக் கூடாது."

"தெரியும் அத்தான், உங்க திட்டம். எனக்கு வராததா எழுதிக் கொடுப்பீங்க. நாளைக்கு ஒத்திகையில எல்லார் முன்னாடியும் நான் திணறணும். அதைக் காட்டியே என்னைக் கைகழுவிடலாம். நேரா வெட்டினா அக்கா சும்மா விடுவாளா?"

"டேய், வாய்க்கு வந்ததைப் பேசாத!" உள்ளேயிருந்து அக்கா சத்தம் போட்டாள்.

அவன் குரல் இறங்கியது. "சாக்ஸபோன் பெரியவர் இருக்காரே, பாதிப் பாட்டுலயே மூச்சு வாங்குறார். அவரை நிறுத்துங்களேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க, அத்தான்."

"அவர் சம்சாரம் படுத்த படுக்கை. இந்த வயசுல அவரை வேற யாருடா சேத்துக்குவாங்க?"

"அப்போ நான் தெருவுல நிக்கணும்!"

அவர் கடைசித் தாளை எழுதி முடித்தார். கம்பிகளை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல்களால் தாள்களை அடுக்கி அவன் கையில் கொடுத்தார்.

"கடைசிப் பக்கத்தை இன்னும் நாலு தடவை வாசி."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போனவன் விரல் வீங்கும்வரை பழகினான்.

மறுநாள் மத்தியானம் மேடை ஏறியதும் நேரே பியானோவைத்தான் பார்த்தான். அதன்மேல் அவன் பெயர் எழுதிய தாள் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான். அப்படியென்றால் பெரியவர்தான் போயிருக்க வேண்டும் என்று நினைத்துத் திரும்பினால், அவர் தன் தாளை முன்னால் வைத்துக்கொண்டு சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவனுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"அத்தான் இன்னும் வரலையா?"

"காலையிலேயே வந்து தாள்களை வச்சுட்டுப் போனாராம். நம்மளை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கார்" என்றார் டிரம்ஸ்காரர்.

ஆரம்பித்தார்கள். அவன் இடது கை எங்கேயும் தடுமாறவில்லை. திணறுவேன் என்று பார்த்தீர்களா அத்தான் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தான்.

பெரியவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மூச்சு வாங்கி அல்ல. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"என்னய்யா ஆச்சு?"

"தம்பி, உன் இடது கை வாசிக்கிறது பியானோ இல்லப்பா. முப்பது வருஷமா உங்க அத்தான் வாசிச்ச பேஸ்."

அவன் திரும்பிப் பார்த்தான். பியானோவை ஒட்டி டபுள் பேஸ் நிற்கும் இடத்தில், வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பேருக்குச் சாப்பாட்டு மேஜை போட்டிருந்தார்கள்.