மூடிய கண்ணாடிகள்

செம்புத்தகட்டில் செதுக்கியது, மை தடவி அச்சிடும்போது தாளில் இடம் வலம் மாறி விழும். அதனால் ஓவியத்தைக் கண்ணாடியில் காட்டி, அதைப் பார்த்துத்தான் செதுக்குவார்கள். ட்ரெஸ்டன் நகரில் ஒரு வீட்டிலோ, ஏழு வயது லிஸ்பெத் இறந்த அன்றே, துக்க வீட்டு வழக்கப்படி எல்லாக் கண்ணாடிகளையும் கறுப்புத் துணியால் மூடிவிட்டிருந்தார்கள். போன வருடம் அவளைப் பார்த்து ஓவியர் ரோய்லிங் தந்தத்தில் தீட்டிய சிற்றோவியத்தை வெளியே அனுப்பத் தாய்க்கு மனமில்லை. அதனால் அதை அச்சுக்குச் செதுக்க ரோய்லிங்கே தகட்டோடு அங்கே வந்து உட்கார்ந்தார். ஒரு துணியையாவது விலக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மனதுக்குள்ளேயே முகத்தைத் திருப்பிப் போட்டுச் செதுக்கினார்.

முதல் அச்சில், இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில் இருந்தது.

"தப்பு என்னோடதுதான் அம்மா. சுரண்டி மாத்திடறேன்" என்று உளியை எடுத்தார்.

தாய் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"இது லிஸ்பெத் இல்ல. ரெட்டையில இன்னொருத்தி, பொறந்த அன்னைக்கே போயிட்டா. அவளுக்கு இந்தப் பக்கம்தான் மச்சம்."

மை காயாத தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப இவ வளர்ந்துகிட்டுதான் இருந்திருக்கா."