பனிக்குப் பழகியவன்

வைரவனின் மீசையில் பனி உறைந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. மூச்சு புகை புகையாக வெளியே வந்தது. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சிலம்பத்தைச் சுழற்றினான்.

"டேய், செத்துத் தொலைக்காதடா! ஜாக்கெட்டையாவது போடு!" என்று கதவருகிலிருந்து கத்தினார் அனந்தகிருஷ்ணன்.

"போட்டியில ஜாக்கெட் போட விடமாட்டாங்க சார்!"

இடம் இமயமலை இல்லை. ஷார்ஜா தொழில்பேட்டையில், உறைந்த கோழிகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்கிற கோல்டு ஸ்டோர். உள்ளே மைனஸ் பதினெட்டு டிகிரி. வைரவன் அங்கே பெட்டி தூக்குகிறவன், அனந்தகிருஷ்ணன் அவனுடைய சூப்பர்வைசர். டூட்டி முடிந்ததும் மற்றவர்கள் வெயிலைத் தேடி வெளியே ஓடுவார்கள். இவன் மட்டும் கம்பைத் தூக்கிக்கொண்டு திரும்ப உள்ளே போவான். நான்கு நாளாக இந்தக் கூத்து நடக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ராஸ் அல் கைமாவில் சிலம்பப் போட்டியின் இறுதிச் சுற்று. எதிர்த்து ஆடப்போகிறவன் ஷைஜு, அங்கே ஒரு செராமிக் கம்பெனியில் டெக்னீஷியன். கேரள எல்லையை ஒட்டிய நீரோடிக்காரன். போன வருஷம் இதே இறுதிச் சுற்றில் வைரவனை ஓட ஓட விரட்டியவனும் அவன்தான்.

இந்த வருஷம் தோற்க முடியாது. ஊரில் மனைவி உமாராணிக்கு இது நிறைமாசம், தலைப்பிரசவம். லீவு கேட்டுப் போனவனிடம் முதலாளி, "கப்போட வா, லீவோட போ" என்று சொல்லிவிட்டார். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வைரவனுக்கு இப்போது வேறு ஆசையே இல்லை.

நான்கு நாளைக்கு முன்புதான் ஷைஜுவிடமிருந்து அந்தப் போன் வந்தது.

"மக்கா, இங்க ஒரே பனி. லேபர் கேம்பு முழுக்கப் பனி. கம்பிளிய விட்டு ஒருத்தனுக்கும் எழும்ப முடியல்ல."

"பனியா? அங்கயா?"

"ரூமுக்குள்ள வந்து பாரு, ஒரு ரூமயும் விடல்ல. இந்த லெச்சணத்துல நீ கஷ்டப்பட்டு ஒண்ணும் ஆடாண்டாம். ஞாயித்துக்கெழம சும்மா வந்து நில்லு, போதும். கப்பு ஒனக்குத்தான்."

வைரவனுக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டு நேராக அனந்தகிருஷ்ணனிடம் போய் நின்றான்.

"நக்கலைப் பாத்தீங்களா சார்? பனியில நான் வெறச்சுப்போயி சும்மா நிப்பேனாம்!"

"ராஸ் அல் கைமாவுல பனியாவது, மண்ணாவது!"

"மலை மேல முன்னாடி ஒருதரம் கொட்டுச்சுல்ல சார், நீங்க போட்டோ பாக்கல? இப்பக் கீழ எறங்கிருச்சு. அவன் அதுலயே பொழங்குறான். நான் பழக வேணாமா?"

அன்றைக்கே கோழிகளுக்கு நடுவே பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. தடுத்துப் பார்த்த அனந்தகிருஷ்ணன், கடைசியில் கதவைத் திறந்துவிட்டுக் காவலுக்கு நிற்பதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வேனில் ஏறும்போது வைரவன் இரண்டு பனியன், ஸ்வெட்டர், குரங்குத் தொப்பி என்று சகல ஏற்பாட்டோடும் வந்திருந்தான். பாதி வழியில் அவன் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கின.

"கிட்ட வந்துட்டோம் சார். குளிரு தெரியுது பாத்தீங்களா?"

ஜன்னல் வெயிலில் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த அனந்தகிருஷ்ணன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னும் ஏசியே போடலயேடா!"

மைதானத்தில் இறங்கினால் வெயில் பளீரென்று அடித்தது. பனியின் சுவடே இல்லை. ஓரமாக நின்ற ஐஸ்கிரீம் வண்டியை நாலு பேர் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். வைரவன் மட்டும் ஸ்வெட்டருக்குள் வெடவெடத்துக்கொண்டு நின்றான். எதிர்ப்பக்கம் ஷைஜு, கையில் கம்புகூட இல்லாமல், ஒரு நாற்காலியில் சாய்ந்து கிடந்தான்.

நடுவர் மைக்கைப் பிடித்தார். "இறுதிச் சுற்றிலிருந்து ஷைஜு விலகிக்கொண்டார். வைரவன் வட்டத்துக்குள் வந்து ஒரு வணக்கம் வைத்தால் போதும், கோப்பை அவருக்கே!"

கூட்டம் கைதட்டியது. அனந்தகிருஷ்ணன் துள்ளிக் குதித்தார்.

"நீ எடுத்த பயிற்சியக் கேள்விப்பட்டுப் பயந்துட்டான்டா! போ, வாங்கிட்டு வா. உனக்கு லீவு!"

வைரவன் மனசுக்குள் கோழிகளுக்கு ஒரு கும்பிடு போட்டான். ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்து, கம்பைச் சுழற்றியபடி வீரமாக நாலு அடி வைத்தான். ஐந்தாவது அடியில் மைதானம் ஒரு சுற்று சுற்றியது. கம்பை ஊன்றிப் பார்த்தான், அதுவும் சேர்ந்து ஆடியது.

சரியப்போனவனை, தானும் தள்ளாடியபடியே வந்து தாங்கிப் பிடித்தவன் ஷைஜு. வைரவனின் நெற்றியில் புறங்கையை வைத்தவன், சுட்டாற்போல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தன் பாக்கெட்டிலிருந்து பாதி காலியான காய்ச்சல் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான்.

"லேய் மக்கா, ஒனக்கும் பனியா? கப்ப வாங்கிட்டு விழுடே!"