மோட்டார் கழற்றிய மெஷின்

கடையைக் காலி செய்யமாட்டேன் என்று தையல்காரி சொல்லிவிட்டதால், கட்டடச் சொந்தக்காரர் பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு கோட்டையைப் பிடித்தவர்போல் வாசலில் நிற்கிறார். மின்விசிறி ஓயவும் அவள் ஸ்குரு கழற்றும் சத்தம் துல்லியமாகக் கேட்கிறது. ஜன்னல் வெயிலில், பழைய கரண்ட் மெஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, மெஷினை மிதி ஸ்டாண்டில் ஏற்றித் தோல் பெல்ட்டை மாட்டுகிறாள். மிதிக்கிறாள். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுகிறது. "இதெல்லாம் ஆகிற கதையாம்மா?" என்று அவர் சிரிக்கிறார். அவள் நூல் நுனியை எச்சிலில் நனைத்துக் கோக்கிறாள். சக்கரத்தை உள்ளங்கையால் தன் பக்கமாகச் சுழற்றிவிட்டு மறுபடி மிதிக்க, தையல் நேராக ஓடுகிறது. காலை நிறுத்தாமலே மோட்டாரை எடுத்து அவரிடம் நீட்டுகிறாள். "இதுக்குத்தாண்ணே கரண்ட் வேணும். அந்த ஃபியூஸோட சேத்து இதையும் வச்சுக்குங்க."