மகாராணி வாழ்க!

“தெய்வமே!”

ஃபிட்டர் போட்ட சத்தத்தில் கேன்டீனே ஒருமுறை திரும்பிப் பார்த்தது. ஒரு வாய் சூப்தான் குடித்திருந்தான். அதற்குள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற சமையல்கார அக்காவைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டான்.

அக்கா சிரிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. வரிசையில் அடுத்த ஆளுக்கு ஊற்ற ஆரம்பித்தாள்.

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்திருந்த சூப்பர்வைசருக்கு இது விநோதமாக இருந்தது.

“யாரு இது? தினமும் இப்படித்தானா?” என்று பக்கத்தில் இருந்த பேக்கிங்காரியிடம் கேட்டாள்.

“நம்ம ஃபிட்டர் மேடம். மணி அடிச்சதும் முதல் ஆளா ஓடி வருவான். ஒரு வாய் குடிச்சதும் ஜால்ராவை எடுத்துடுவான். அக்காவுக்கு ஐஸ் வெச்சா ரெண்டு கறித்துண்டு கூட விழும்ல?”

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தாள். அவன் கிண்ணத்தில் எல்லாருக்கும் விழுந்ததுதான் விழுந்திருந்தது.

பிறகு எதற்கு இந்தக் கும்பிடு?

மறுநாள் “தலைவி! எங்கள் தலைவி!” என்று முழங்கினான். அதற்கு அடுத்த நாள் “மகாராணி வாழ்க!” இன்னொரு நாள் மறுபடியும் தெய்வம்.

அவளுக்கு மண்டை குடைந்தது. புகழ்ச்சி என்பது அவள் வாயில் சுலபமாக வராது. வீட்டுக்காரர் ஆசையாக எதையாவது சமைத்து வைத்தால்கூட “பரவாயில்ல” என்பதுதான் அவள் தருகிற பெரிய பட்டம். இவனுக்கு மட்டும் எப்படி நாளுக்கு ஒன்று கிடைக்கிறது?

ஒரு நாள் அவளுக்கு ஏதோ அவசரம். மணி அடிப்பதற்கு முன்பே வந்து கிண்ணத்தை நீட்டினாள். அக்காவின் கை கொஞ்சம் தயங்கியது. வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு ஊற்றினாள்.

ஒரு வாய் குடித்தவளுக்கு முகம் சுளித்தது. உப்பு என்கிற பேச்சே இல்லை. வெந்நீரில் காய்கறி மிதந்தது.

அதற்குள் மணி அடித்து, ஃபிட்டர் ஓடி வந்து, வாங்கி, வாயில் வைத்தான்.

“மகாராணி! மகாராணி வாழ்க!”

அக்கா சட்டென்று பின்னால் இருந்த அண்டா பக்கம் திரும்பினாள்.

சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. “உனக்குக் கூச்சமா இல்லையா? இதை வாயில வைக்க முடியல. இதுக்குப் போய் மகாராணியா?”

மூலை மேசையில் போன் பேசிக்கொண்டே சாப்பிடும் மேனேஜர் தலையைத் தூக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

“மேடம், மெதுவா...” ஃபிட்டர் கிட்டே வந்து கிசுகிசுத்தான். “அக்காவுக்குக் காய்ச்சல் வந்து எழுந்ததுலேர்ந்து நாக்குல ருசியே இல்ல. டாக்டர் திரும்ப வரும்னுதான் சொல்றார், எப்போன்னு சொல்ல மாட்டேங்கிறார். அதுவரைக்கும் என் நாக்குதான் அவங்க நாக்கு. தெய்வம்னா சரியா இருக்கு. மகாராணின்னா உப்பு கம்மி. தலைவின்னா உப்பு கூட, வெந்நீர் ஊத்தணும்.”

“அதை நேரா சொல்லித் தொலைய வேண்டியதுதானே?”

“உப்பு கம்மின்னு கத்தினா மேனேஜர் ஓடி வருவார் மேடம். முந்தி இருந்த சமையல்காரரை உப்பு சரியில்லன்னுதான் வேலையை விட்டு அனுப்பினார். மகாராணி வாழ்கன்னு கத்தினா எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கிறதில்ல. அக்கா சம்பளத்துலதான் அவங்க வீட்டுல அடுப்பு எரியுது.”

மேனேஜர் போனை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“என்ன மேடம்? வாயில வைக்க முடியலன்னு சொன்ன மாதிரி காதுல விழுந்துச்சே. எங்க, கொடுங்க பார்க்கலாம்.”

அவர் கை கிண்ணத்தை நோக்கி நீண்டது. சூப்பர்வைசர் அக்காவைப் பார்த்தாள். அக்கா கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

அடுத்த நொடி, சூப்பர்வைசர் கிண்ணத்தைத் தூக்கி, உப்பில்லாத அத்தனையையும் மடக் மடக்கென்று குடித்து முடித்தாள்.

“கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டாங்க சார், அதான் வாயில வைக்க முடியல. இப்ப ஆறிடுச்சு.”

“ருசி எப்படி?”

வாயைத் திறந்தாள். “பரவாயில்ல” வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

“இந்தக் கைக்குக் கோயில் கட்டணும் சார்! உங்களுக்கும் ஒரு கிண்ணம் ஊத்தச் சொல்லவா?”

அதற்குள் உப்பு சேர்ந்திருந்த அண்டாவிலிருந்து அக்கா ஊற்றித் தந்ததை மேனேஜர் நின்றபடியே குடித்தார். “நல்லாத்தானே இருக்கு!” என்று இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு மூலைக்குப் போனார்.

ஃபிட்டர் அப்போதுதான் மூச்சு விட்டான்.

கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியாக அக்கா முகத்தை நீட்டினாள். ஒரு கையில் உப்பு டப்பா, இன்னொரு கையில் வெந்நீர்ச் சொம்பு. கண்ணில் கலவரம்.

“அம்மா, புதுசா என்னமோ சொன்னீங்களே... கோயில் கட்டணும்னா எதைப் போடணும்? உப்பா, தண்ணியா?”

“ரெண்டும் வேண்டாங்க்கா,” என்றாள் சூப்பர்வைசர். “நாக்குல ருசி இல்லாமயே இத்தனை பேருக்கு ஆக்கிப் போடறீங்களே, அதைத்தான் சொன்னேன். அது நெஜமாவே பாராட்டுதான்.”