கட்டைவிரல் சாட்சி

"செட்டுல ஒண்ணும் இல்லன்னு எத்தன தடவதான் சொல்றது?"

பல் செட் செய்பவர் தன் மனைவியின் கீழ்ச் செட்டைக் கழுவி, பட்டறை விளக்கடியில் பிடித்து, ஓரம் முழுவதும் கட்டைவிரலால் தடவினார். வழவழவென்று இருந்தது.

அவர் கையால் செய்து கொடுத்த செட். அதைப் போட்ட நாளிலிருந்தே நாக்கின் இடது ஓரம் வலிக்கிறது என்கிறாள்.

உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாயிற்று. பற்பசையை மாற்றியாயிற்று. சத்து மாத்திரை, ஜெல் எல்லாம் பார்த்தாயிற்று. வீட்டில் காரத்தையே நிறுத்தி, கூடச் சேர்ந்து சாப்பிட்ட அவருக்கும் நாக்கு செத்துப்போனதுதான் மிச்சம். புண் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

நாளைக் காலை அந்தப் புண்ணில் துளி சதை வெட்டிப் பரிசோதிக்கப் போகிறார்கள். என்ன சந்தேகம் என்று டாக்டர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

அவருக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

செட் எங்காவது குத்துகிறதா என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். இவர்தான் முந்திக்கொண்டு, "என் கைவேலை டாக்டர்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

பின்னே? வருடக்கணக்காக உப்புத்தாள் தேய்த்துக் காய்த்துப்போன விரல். அது சரியென்று சொல்லாமல் ஒரு செட்டும் பட்டறையை விட்டுப் போனதில்லை.

"உங்க விரலுக்கா வலிக்குது? நாக்குல வெச்சுப் பாருங்க" என்றாள் அவள், பொக்கை வாயோடு.

வீம்புக்கு வைத்தார். மெல்ல இழுத்தார்.

சுருக்கென்றது.

விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலால் தடவினார், வழவழவென்று இருந்தது. நாக்கால் தொட்டார், அதே இடத்தில் குத்தியது.

அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் அழுகிறாள்.

அவர் பார்வை பட்டறை வாசலுக்குப் போனது.

குத்துகிறது என்று பட்டறைக்குத் திரும்பி வந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். தடவிப் பார்த்து, "போகப் போகப் பழகிடும்" என்று அனுப்பி வைத்திருந்தார்.

திரும்பி வராதவர்கள் எல்லாம் திருப்தியாகப் போனவர்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.